மேடைக் கலைஞர்களும் யூடியூப், பேஸ்புக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக்கோட்டை, மதுரை வட்டாரத்து இசை நாடக நடிகர்கள், கரகம், பறைக் குழுக்கள், வடக்கே செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்து ஜமாக்கள் (குழுக்கள்) எனப் பலருக்கும் சேனல் திறந்து கொடுப்பது, வீடியோ ஏற்றிக் கொடுப்பது, பிரச்சினை வந்தால் உட்கார்ந்து பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. யாரிடம் போனாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

ஊர்க்காரங்க வீட்டுக்கே வந்து தேதி பேசிட்டுப் போறாங்க. எங்களுக்கு எதுக்குங்க இந்த யூடியூப் எல்லாம்?

வீடு தேடி வருகிறவர்களில் பலர் உங்களை ஏற்கெனவே ஃபோனில் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். முன்பெல்லாம் கோயில் கமிட்டியில் நாடகம் வைப்பதென்று முடிவானால், பக்கத்து ஊரில் பார்த்த யாராவது ஒருவர் பெயர் சொல்லுவார். இப்போது கமிட்டியில் இருக்கும் இளவட்டம் ஃபோனை எடுத்து, இந்த ராஜபார்ட் (நாயக வேஷக்காரர்) எப்படிப் பாடுகிறார், வள்ளி திருமணம் நாடகத்தில் அந்த வள்ளி எப்படித் தர்க்கம் (வாதம்) பண்ணுகிறார் என்று அங்கேயே போட்டுக் காட்டுகிறது. உங்கள் வீடியோ அங்கே இல்லையென்றால் உங்கள் பெயர் பேச்சில் அடிபடாமலே போகலாம்.

இன்னொன்று, 2020-ஐ மறக்க வேண்டாம். பங்குனி பிறந்த சில நாட்களிலேயே ஊரடங்கு வந்தது. ஆடி வரை பேசி வைத்திருந்த தேதிகள் எல்லாம் போயின. பங்குனி முதல் ஆடி வரை சம்பாதிப்பதை வைத்துத்தான் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தை ஓட்டவேண்டும் என்ற நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு அது என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். ஃபோனை வைத்து அந்த நட்டத்தை ஈடுகட்ட முடிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் ரசிகர்களோடு தொடர்பு அறுந்துபோகாமல் வைத்துக்கொண்டவர்களுக்கு, மறுபடி மேடை ஏறியபோது அது உதவியது.

யூடியூப்பா, பேஸ்புக்கா, இன்ஸ்டாகிராமா? எதுல ஆரம்பிக்கலாம்?

ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் யூடியூப். மூன்று வருடம் கழித்தும் ஒருவர் உங்கள் பெயரையோ நாடகத்தின் பெயரையோ போட்டுத் தேடிக் கண்டுபிடிக்க அதுதான் வசதி. ஊரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நடுவயதுக்காரர்களிடம் போய்ச் சேர பேஸ்புக் நல்லது. கல்லூரிப் பிள்ளைகளைப் பிடிக்க இன்ஸ்டாகிராம். பறை, ஒயிலாட்டம் மாதிரி ஆட்டத்துக்கு அங்கே நல்ல வரவேற்பு உண்டு.

ஆனால் ஒரே கூடையில் எல்லாவற்றையும் வைக்காதீர்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அதில் மட்டும் பேர் வாங்கியிருந்த கிராமத்துக் கலைஞர்கள் ஒரே ராத்திரியில் ஆள் தெரியாதவர்கள் ஆனார்கள். பலரிடம் தாங்கள் போட்ட வீடியோவின் பிரதிகூட இல்லை. எந்த வீடியோவையும் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்புக்கில் லைவ் போனால், 2025 பிப்ரவரிக்குப் பிறகு அந்தப் பதிவு 30 நாள்தான் இருக்கும், அப்புறம் நீக்கப்பட்டுவிடும். அதற்குள் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய கேமரா வாங்கணுமா அண்ணே?

வேண்டாம். கையில் இருக்கிற ஃபோனே போதும். காசு இருந்தால் முதலில் ஸ்டாண்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் செலவழியுங்கள். படம் சுமாராக இருந்தாலும் மக்கள் பார்ப்பார்கள், பாட்டு கரகரவென்று கேட்டால் பத்தே விநாடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். குழாய் ஸ்பீக்கர் பக்கத்தில் ஃபோனை வைத்தால் ஆர்மோனியமும் குரலும் ஒன்றோடொன்று நசுங்கித்தான் பதிவாகும். மைக் செட்காரரிடம் முன்கூட்டியே பேசி, அவருடைய மிக்சரிலிருந்து ஒரு லைன் வாங்கி, சின்ன ரெக்கார்டர் ஒன்றில் தனியாகப் பதிவு பண்ணுங்கள். அதை வீடியோவோடு பிறகு சேர்த்துக்கொள்ளலாம். சேர்ப்பதற்கு வசதியாக, ஆட்டம் தொடங்கும்போது கேமராவுக்குத் தெரிகிற மாதிரி மைக் முன்னால் ஒரு கைதட்டல் தட்டச் சொல்லுங்கள்.

வெளிச்சத்தில் இரண்டு சிக்கல் வரும். அரிதாரம் பூசிய முகத்தில் ஃபோகஸ் லைட் விழுந்தால் முகம் வெள்ளைத் தாளாகிவிடும். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைப் பூட்டி, கொஞ்சம் குறைத்துவிடுங்கள். எல்இடி விளக்குகளால் படத்தில் பட்டை பட்டையாக ஓடினால், கேமரா அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள், நம் மின்சாரம் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. அப்புறம், ஃபோனை விமானப் பயன்முறையில் போடுங்கள். வள்ளி பாடிக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டுப் பதிவு நின்றுபோனது எத்தனையோ தடவை நடந்திருக்கிறது.

விடிய விடிய நடக்குற நாடகத்தை முழுசாப் போடணுமா, துண்டு துண்டாப் போடணுமா?

இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் வேலை வேறு. நாரதர்-வள்ளி தர்க்கத்தில் நல்ல இரண்டு நிமிஷம், ராஜபார்ட் மேடைக்கு வந்ததும் பாடும் பாட்டு, பபூனின் முதல் நகைச்சுவை என்று சின்னத் துண்டுகள் புது ஆட்களைக் கொண்டுவரும். 2024 அக்டோபரிலிருந்து யூடியூப் ஷார்ட்ஸ் என்னும் குறுவீடியோ 3 நிமிஷம் வரை இருக்கலாம் என்பதால் ஒரு பாட்டு முழுதாகவே அடங்கும். ஆனால் தேதி பேச வருகிறவர்கள் முழு நாடகத்தைத்தான் பார்க்கிறார்கள். ராத்திரி 2 மணிக்குக் கூட்டத்தைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறீர்களா என்பதுதான் கமிட்டிக்குத் தெரிய வேண்டும்.

முழு நாடகம் ஏற்ற, சேனலை முதலில் ஃபோன் எண் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் 15 நிமிஷத்துக்கு மேல் ஏறாது. சரிபார்த்துவிட்டால் 12 மணி நேரம் வரை ஏற்றலாம், நம் நாடகத்துக்குத் தாராளம். விளக்கப் பகுதியில் 0:00-இல் தொடங்கி, எந்த நேரத்தில் யார் வருகிறார்கள் என்று வரிசையாக எழுதிவிடுங்கள். யூடியூப் அதை அத்தியாயங்களாகப் பிரித்துக் காட்டும். நடிகர், வாத்தியக்காரர் எல்லார் பெயரும் அங்கே இருக்கட்டும். பின்னால் உட்கார்ந்து மிருதங்கம் வாசிக்கிறவரைத் தேடியும் ஆள் வருகிறது.

எத்தனை சப்ஸ்கிரைபர் வந்தா காசு வரும்?

விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும். அதோடு கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் உங்கள் வீடியோக்களை மக்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸை 1 கோடி தடவை பார்த்திருக்க வேண்டும். இதற்குக் கீழே 500 சப்ஸ்கிரைபர், 3,000 மணி நேரம் என்று ஒரு படி உண்டு. அந்தப் படியில் விளம்பரக் காசு வராது, ரசிகர்கள் லைவில் தரும் அன்பளிப்பு மாதிரியானவை மட்டும் வரும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஷார்ட்ஸ் ஓடையில் மக்கள் பார்க்கும் நேரம் இந்த 4,000 மணி நேரக் கணக்கில் சேராது. நம் கலையோ நீளமான கலை. ஒரு நாடகத்தை ஒருவர் அரை மணி நேரம் பார்த்தாலே, 8,000 பேர் பார்த்ததும் கணக்கு முடிந்துவிடும். நீளம் நமக்குப் பாரம் என்று நினைக்காதீர்கள், இந்த இடத்தில் அதுதான் கை கொடுக்கிறது.

ஒரு லட்சம் பேர் பார்த்திருக்காங்க. எவ்வளவு வரும்?

நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகத்தான் வரும். நீண்ட வீடியோவில் ஓடும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு, ஷார்ட்ஸ் என்றால் 45 சதவீதம். ஆனால் அந்த விளம்பரத்துக்கு என்ன விலை என்பது பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், என்ன மாதம், எந்த விளம்பரம் என்பதைப் பொறுத்தது. சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் ஒருவர் பார்த்தால் ஒரு கணக்கு, இங்கே பார்த்தால் வேறு கணக்கு. அதனால் லட்சத்துக்கு இவ்வளவு என்று யார் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

என்னைக் கேட்டால் இந்தக் கேள்வியையே மாற்றிக் கேட்கச் சொல்வேன். இந்த வீடியோவால் எத்தனை தேதி வந்தது? மேடைக் கலைஞருக்கு வருமானம் அங்கேதான். பத்தாயிரம் பேர் பார்த்து நான்கு ஊர் தேதி பேசினால், அது பத்து லட்சம் பேர் பார்த்து ஒருவரும் கூப்பிடாத வீடியோவைவிட மேல். கூப்பிடுகிற ஒவ்வொருவரிடமும் எங்களை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு சீசன் முடிந்தால் எந்த வீடியோ உங்களுக்குச் சோறு போடுகிறது என்று தெரிந்துவிடும்.

தபால்ல ஏதோ பின் நம்பர் வரும்னு சொல்றாங்களே, வரவே இல்லை?

வருமானம் 10 டாலரைத் தொட்டதும், யூடியூப் பணத்தைப் பட்டுவாடா செய்யும் கூகுள் ஆட்சென்ஸ் உங்கள் விலாசத்துக்கு ஒரு அட்டை அனுப்பும். அதில் உள்ள எண்ணைப் போட்டால்தான் மேற்கொண்டு பணம் நகரும். கிராமத்து விலாசங்களில் அட்டை தொலைவது சகஜம். கதவு எண்ணோடு தகப்பனார் பெயர், தெரு, தபால் நிலையம், பின்கோடு எல்லாம் சரியாகப் போடுங்கள், தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வராவிட்டால் மறுபடி கேட்கலாம். மொத்தம் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் வங்கிக்கு வரும்.

அமெரிக்க வரிப் படிவம் ஒன்று கேட்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிரப்பாமல் விட்டால் மொத்த வருமானத்திலிருந்தே 24 சதவீதம் வரை பிடிப்பார்கள். நிரப்பினால் அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர்களால் வந்த பங்கில் மட்டும்தான் பிடிப்பு. ஆட்சென்ஸ் பெயரும் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மேடைப் பெயரை அங்கே போட்டுச் சிக்கிக்கொண்டவர்கள் பலர்.

திருவிழாவுக்கு ஷூட்டிங் வந்தவர் எங்க நாடகத்தை அவர் சேனல்ல போட்டு சம்பாதிக்கிறார். எங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?

அதிகம் கேட்கப்படுவதும், கேட்கும்போது மனசு கொதிப்பதும் இந்தக் கேள்விதான். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு நிகழ்த்துகிறவருக்கென்று தனி உரிமை தருகிறது. நடிகர், பாடகர், வாத்தியக்காரர், ஆட்டக்காரர் மட்டுமில்லை, கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் இருக்கிறார்கள். உங்கள் நிகழ்ச்சியை ஒலியாகவோ படமாகவோ பதிவு செய்வதும், அதைப் பொதுமக்களுக்குக் கொண்டுபோவதும் உங்கள் சம்மதத்தோடு நடக்க வேண்டியவை. 2012 திருத்தத்தில் வந்த 38-ஏ பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. இந்த உரிமை 50 ஆண்டு நிற்கும். சொந்த உபயோகத்துக்காக ஒருவர் எடுத்து வைத்துக்கொள்வது இதில் வராது.

நடைமுறையில் என்ன ஆகிறது? கமிட்டிதான் கேமராக்காரருக்குக் காசு கொடுத்து அழைக்கிறது. உங்களிடம் யாரும் கேட்பதில்லை, நீங்களும் ஒன்றும் சொல்வதில்லை. அதனால் அட்வான்ஸ் வாங்கும்போதே ஒப்பந்தத் தாளில் இரண்டு வரி எழுதுங்கள்: “வீடியோ எடுப்பவர் முழுப் பதிவின் பிரதி ஒன்றைக் கலைஞர்களுக்குத் தர வேண்டும். கலைஞர்களின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் இணையத்தில் வெளியிடக் கூடாது.” சம்மதம் கொடுக்கிறீர்கள் என்றால் வருமானத்தில் பங்கு என்ன, உங்கள் பெயரும் எண்ணும் வீடியோவின் கீழே வருமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்றும் பேசாமல் முழுச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு அவர் வெளியிடுவதைத் தடுப்பது கஷ்டம். அப்போதும் வியாபார உபயோகத்துக்கு உரிமைத்தொகை கேட்க உங்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு.

எல்லா கேமராக்காரரையும் எதிரியாகப் பார்க்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இசை நாடகங்களை வருடக்கணக்காகப் பதிவு செய்து, யாருக்கும் தெரியாமல் போயிருக்க வேண்டிய நடிகர்களை வெளியே கொண்டுவந்தவர்களும் அவர்களே. பேசினால் ஒத்துவருகிறவர்கள் நிறையப் பேர். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கோபத்தில் அவர் வீடியோவை இறக்கி உங்கள் சேனலில் ஏற்றுவது. வேறொருவர் எடுத்ததை மறுபடி ஏற்றினால் உங்கள் சேனலுக்குத்தான் புகார் வரும், வருமான அனுமதியும் தள்ளிப்போகும்.

காலங்காலமாப் பாடுற நாடகப் பாட்டுதானே பாடினேன். அதுக்கு எப்படி காப்பிரைட் வரும்?

சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை. அதனால் வள்ளி திருமணத்திலும் பவளக்கொடியிலும் அவர் எழுதிய பாட்டுகளை யாரும் பாடலாம், யாருக்கும் காசு தர வேண்டியதில்லை. ஆனால் அதே பாட்டை ஒரு கேசட் நிறுவனம் யாரையாவது பாடவைத்து வெளியிட்டிருந்தால், அந்த ஒலிப்பதிவு அவர்களுடையது. யூடியூப்பின் இயந்திரம் உங்கள் குரலை அந்தக் கேசட்டோடு பொருத்திப் பார்த்துத் தவறாக உரிமைகோரல் போடுவது உண்டு. அப்படி வந்தால், பாட்டு பொதுவுடைமை, பாடியது நான் என்று எழுதி மறுப்புக் கொடுங்கள். எதிர்த் தரப்புக்கு 30 நாள் கெடு. அதற்குள் பதில் இல்லையென்றால் உரிமைகோரல் விழுந்துவிடும்.

சினிமாப் பாட்டு வேறு கதை. பபூன் பாடினாலும் கரகத்துக்கு நையாண்டி மேளம் வாசித்தாலும் மெட்டுக்கு உரிமைக்காரர் இருக்கிறார். பெரும்பாலும் வீடியோ நிற்கும், வருமானம் மட்டும் அவர்களுக்குப் போகும். உரிமைகோரல் என்பதும் ஸ்ட்ரைக் என்பதும் ஒன்றில்லை. ஸ்ட்ரைக் என்பது உரிமைக்காரர் வீடியோவையே நீக்கச் சொல்லும்போது சேனலுக்கு விழும் எச்சரிக்கை. 90 நாளுக்குள் மூன்று காப்பிரைட் ஸ்ட்ரைக் வந்தால் சேனலே போய்விடும், அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

கோயில் திருவிழாவுல பாடினா தப்பில்லைங்கிறாங்க. அதையே யூடியூப்புல போட்டா மட்டும் தப்பா?

மதச் சடங்கின் போதும், கல்யாண ஊர்வலம் போன்றவற்றின் போதும் பாட்டு, நாடகம் நிகழ்த்துவதற்குச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. அது அந்த இடத்தில் நேரில் நிகழ்த்துவதற்குத்தான். பதிவு பண்ணி உலகத்துக்கே ஒளிபரப்புவதற்கு அது பொருந்தாது. சேனலுக்குப் போகும் துண்டுகளில் நாடகப் பாட்டும் வசனமும் நீங்களே கட்டிய பாட்டும் இருக்கட்டும். வெளியூர்க்காரர்கள் உங்களிடம் தேடுவதும் அதைத்தான், சினிமாப் பாட்டு அவர்களுக்கு எங்கேயும் கிடைக்கும்.

பபூனோட நான் ஆடுற டான்ஸ் காமிக் காட்சியை மட்டும் வெட்டி, என் படத்தை வச்சு அசிங்கமாத் தலைப்புப் போட்டிருக்காங்க. என் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல பார்க்குறாங்க. என்ன செய்யறது?

இதைக் கேட்கும் பெண்களில் பாதிப்பேர், மேடைக்கு வந்தால் இதெல்லாம் வரத்தான் செய்யும் என்று தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். வரக் கூடாது. ராத்திரி 11 மணிக்கு ஊர்க் கூட்டத்துக்கு முன்னால், கதையோடும் மேடை மரபோடும் ஆடியதை வெட்டி, நிறுத்தி, வட்டம் போட்டு, அம்புக்குறி வைத்து ஒருவன் விற்பது உங்கள் தொழிலின் பகுதி ஆகாது. 38-பி பிரிவின்படி, உங்கள் நிகழ்ச்சியைத் திரித்து உங்கள் பெயரைக் கெடுக்கும் விதமாகப் பயன்படுத்துவதைத் தடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வெளியிட நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால்கூட இந்த உரிமை போகாது.

முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்: தலைப்பு, சேனல் பெயர், தேதி, இணைப்பு எல்லாம் தெரிகிற மாதிரி. அதற்குப் பிறகுதான் புகார். யூடியூப்பிலேயே தனியுரிமை, துன்புறுத்தல் என்று தனித்தனிப் புகார்ப் படிவம் இருக்கிறது. அதே நேரத்தில் மத்திய அரசின் சைபர் குற்றத் தளத்தில் புகார் பதியலாம், பெண்கள் தொடர்பான புகாருக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு. மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். முகத்தை வேறு உடலோடு ஒட்டிய படம் என்றால், புகார் வந்த 2 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன, 2026 பிப்ரவரித் திருத்தத்துக்கு முன் இந்தக் கெடு 24 மணி நேரமாக இருந்தது. நாடக நடிகர் சங்கத்தின் கடிதத்தாளில் ஒரு மனுவும் சேர்ந்து போனால் வேகம் கூடும்.

ஆண் நடிகர்களுக்கும் அமைப்பாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாதிரித் துண்டுகள்தான் அதிகம் ஓடுகின்றன என்பதற்காக நம் சேனல்களே அப்படித் தலைப்பு வைப்பது உடன் ஆடும் பெண்ணை விற்பதற்குச் சமம். அப்படி வைக்கச் சொல்லி வந்தவர்களுக்கு நான் வேலை செய்து கொடுப்பதில்லை.

வீடியோ கீழ ஃபோன் நம்பர் போடலாமா? நடுராத்திரி எல்லாம் கூப்பிடுறாங்க.

போட வேண்டும், நம்பர் இல்லாத வீடியோவால் தேதி வராது. ஆனால் பெண் கலைஞர்களின் சொந்த எண்ணைப் போடவே கூடாது. குழுவுக்கென்று தனி சிம் வாங்கி, அமைப்பாளரோ மேனேஜரோ வைத்துக்கொள்ளட்டும். வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு திறந்து, நாடகங்களின் பட்டியலையும் ஒரு மாதிரி வீடியோவையும் அதில் வைத்துவிட்டால் பாதிக் கேள்விக்கு அதுவே பதில் சொல்லிவிடும். தை, மாசியில் கமிட்டிகள் தேதி குறிக்கத் தொடங்குவதற்கு முன் உங்கள் நல்ல பதிவுகள் மேலே இருக்க வேண்டும்.

கமெண்ட்ல சாதியைச் சொல்லித் திட்டுறாங்க.

அந்தச் சொற்களை சேனல் அமைப்பில் தடைச் சொற்களாகப் போட்டு வைத்தால் அவை வெளியே தெரியாது. பதில் சொல்லிச் சண்டை போட வேண்டாம். பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதி சொல்லி இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். மேலே சொன்னபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். பறைக் குழுக்களுக்கு இது அதிகம் நடக்கிறது, அதனால்தான் தனியாக எழுதுகிறேன்.

எல்லாத்தையும் ஃபோன்லயே பார்த்துட்டா, நேர்ல யாருங்க நாடகம் வைப்பாங்க?

ஊர் நாடகம் வைப்பது நேர்த்திக்கடனுக்கும் திருவிழாவுக்கும். ஃபோனில் பார்த்ததால் அந்த நேர்த்திக்கடன் தீர்ந்துவிடாது. இன்னொரு பக்கம், இசை நாடகத்தில் ஒரு நாள் பேசிய தர்க்கம் மறுநாள் அப்படியே வராது, எதிரில் நிற்கும் நடிகரைப் பொறுத்து மாறும். ஒரு ராஜபார்ட்டை ஃபோனில் ரசித்தவர்கள், வேறொரு ஸ்திரீபார்ட்டோடு (நாயகி வேஷக்காரரோடு) அவர் மோதினால் எப்படி இருக்கும் என்று கேட்டு அந்த ஜோடியைப் பேசுகிறார்கள். பபூன்கள் மட்டும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். பதிவாகிவிட்ட நகைச்சுவை அடுத்த ஊரில் பழசாகத் தெரியும். புதுச் சரக்கை முதலில் மேடையில் ஓடவிட்டு, சீசன் முடிந்த பிறகு போடுங்கள்.

எங்க ஆசான்கிட்ட கத்துக்கிட்ட பறை ஆட்ட அடியை நான் இன்ஸ்டாகிராம்ல போட்டேன். அவருக்குக் கோபம். நான் செஞ்சது தப்பா?

ஆடியது நீங்கள், உங்கள் ஆட்டத்தின் மேல் உங்களுக்கு உரிமை உண்டு. மரபான அடிக்குத் தனி ஒருவர் சொந்தக்காரர் இல்லை. ஆனால் பிரச்சினை உரிமையில் இல்லை. ஆசானின் பெயர் இல்லாமல் அந்த வீடியோ போனதுதான் அவரைச் சுட்டிருக்கும். யாரிடம், எந்த ஊரில் கற்றீர்கள் என்று ஒவ்வொரு பதிவிலும் எழுதுங்கள். சடங்குக்கு மட்டும் வாசிக்கும் அடிகள், சாமி அழைப்புப் பாட்டுகள் இவற்றை அவரைக் கேட்காமல் போடாதீர்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், போடுவதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது.

ரீல்ஸ்ல ஆடுற பிள்ளைங்க ரெண்டு மாசத்துல பேர் வாங்கிடுறாங்க. 20 வருஷம் ஆடின எங்களுக்கு ஏன் வரலை?

இந்த வருத்தம் நியாயமானது. ஆனால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பாருங்கள். நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் 2018-இல் விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் போட்டியில் வென்றபோது ஒரே சீசனில் வந்தவர் மாதிரித் தெரிந்தது. அவரும் மனைவி ராஜலட்சுமியும் அதற்கு முன் எத்தனையோ ஊர் மேடையில் பாடியவர்கள். அந்தப் பழக்கம் இருந்ததால்தான் கிடைத்த பெயரை விடாமல் பிடிக்க முடிந்தது. 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட பறைக் கலைஞர் வேலு ஆசானும், தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனும் ஆடியும் கற்றுக்கொடுத்தும் அந்த இடத்துக்கு வந்தவர்கள். அந்த 20 வருஷம் உங்களிடம் இருக்கிறது, அது கேமரா முன்னால் இன்னும் வரவில்லை. வேஷம் கட்டுவது, புது ஆளுக்கு ஆர்மோனியக்காரர் சுருதி சொல்லிக்கொடுப்பது, பழைய நடிகரைப் பற்றி நீங்கள் சொல்லும் கதை, இவற்றை எடுங்கள். அந்தப் பிள்ளைகளால் இதை எடுக்க முடியாது.

எட்டுப் பேர் குழு. சேனல் ஒருத்தர் பேர்ல இருக்கு. காசை எப்படிப் பிரிக்கிறது?

காசு வருவதற்கு முன்னால் பேசிவிடுங்கள். காசு வந்த பிறகு பேசிய குழுக்களில் பாதி உடைந்திருக்கின்றன. எனக்குத் தெரிந்து நிலைத்த முறை இது: சேனல் வருமானத்தில் முதலில் எடிட்டிங், நெட், சிம் செலவைக் கழிப்பது, வீடியோ வேலை பார்ப்பவருக்கு ஒரு பங்கு, மீதியை அந்தந்த வீடியோவில் இருப்பவர்களுக்கு மேடைச் சம்பள விகிதத்தில் பிரிப்பது. மாதா மாதம் கணக்கை வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், தொகை நூறு ரூபாயாக இருந்தாலும் பரவாயில்லை.

சேனலின் உரிமையாளராக ஒருவர் இருந்தாலும், இன்னும் இரண்டு பேருக்கு மேலாளர் அனுமதி கொடுங்கள். பாஸ்வேர்டைச் சொல்லத் தேவையில்லை, அமைப்பிலேயே அதற்கு வழி இருக்கிறது. ஒருவர் குழுவை விட்டுப் போனால் பழைய வீடியோக்கள் என்ன ஆகும் என்பதையும் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். 38-ஆம் பிரிவைப் பற்றி மேலே எழுதியது குழுவுக்குள்ளும் பொருந்தும். மேனேஜர் என்பதால் மட்டும் மற்றவர்களின் நிகழ்ச்சி அவருக்குச் சொந்தமாகிவிடாது.

ரம்மி ஆப்புக்கு விளம்பரம் பண்ணினா நல்ல காசு தர்றோம்ங்கிறாங்க.

தொடாதீர்கள். 2025-இல் வந்த மத்திய அரசுச் சட்டம் காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும், அவற்றுக்கு விளம்பரம் செய்வதையும் தடை செய்திருக்கிறது. விளம்பரம் செய்தவருக்கும் சிறைத் தண்டனை உண்டு. ஊர் ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரம் தாராளமாகச் செய்யலாம். காசோ பொருளோ வாங்கிக்கொண்டு சொல்கிறீர்கள் என்றால், இது விளம்பரம் என்று தெளிவாகத் தெரியும்படி போட வேண்டும் என்பது 2023 முதல் மத்திய நுகர்வோர் துறையின் நெறிமுறை.

மலேசியாவுல இருந்து நிகழ்ச்சிக்குக் கூப்பிடுறாங்க. விசா செலவுக்கு முதல்ல பணம் அனுப்பச் சொல்றாங்க. அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். உண்மையாக அழைப்பவர்கள் உங்களுக்கு அட்வான்ஸ் தருவார்கள், உங்களிடம் கேட்க மாட்டார்கள். எந்த அமைப்பு, எந்த மண்டபம், என்ன தேதி என்று கேட்டு, அங்கே இருக்கும் தெரிந்தவர் மூலம் விசாரியுங்கள். சுற்றுலா விசாவில் வந்து ஆடிவிட்டுப் போங்கள் என்றால் அதையும் ஏற்க வேண்டாம், சம்பளத்துக்கு ஆட அந்த நாட்டு அனுமதி வேண்டும். பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணம் போகும் வழியில் நிறுத்த முடியும்.

இதே ஆட்கள் இன்னொரு வேஷத்திலும் வருவார்கள்: உங்கள் பக்கத்துக்கு காப்பிரைட் புகார் வந்திருக்கிறது, 24 மணி நேரத்தில் மூடிவிடுவோம், இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று. அழுத்திப் பாஸ்வேர்டு கொடுத்தால் பக்கம் போய்விடும். உண்மையான புகார் என்றால் யூடியூப் ஸ்டூடியோவுக்குள்ளேயே தெரியும்.

எனக்கு வயசு 63. ஃபோனே சரியா வராது. என் மகன் பேர்ல எல்லாம் வச்சுக்கலாமா?

வேலையை மகன் பார்க்கட்டும், கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். உங்கள் எண்ணில் ஜிமெயில் திறந்து, அதில் சேனல் தொடங்கி, மகனை மேலாளராகச் சேருங்கள். ஆட்சென்ஸிலும் உங்கள் வங்கிக் கணக்கையே கொடுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டதும் அவசரத்துக்கென்று சில எண்கள் கிடைக்கும், அவற்றைத் தாளில் எழுதி ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் இன்னும் பதியவில்லை என்றால் இதோடு அதையும் முடித்துவிடுங்கள். சேனலில் ஏற்றும் நிகழ்ச்சிகளின் நோட்டீஸ், தேதி, ஊர் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே வந்தால், நீங்கள் ஆடுகிறவர் என்று எந்த அலுவலகத்தில் காட்ட வேண்டியிருந்தாலும் அந்தக் கோப்பு உதவும். பழைய நோட்டீஸ்கள் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள், ஃபோனில் படம் எடுத்து அதே கோப்பில் வையுங்கள்.